கைதட்டல் என்று எழுதியவர்

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வருடம் கழித்து அக்கா எழுதுகிறாள் என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. யாரும் சாகவில்லை. உன் அத்தான் நலம். முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய், எடுத்தாலும் "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது, ஊமைக்கோட்டான். அதனால்தான் கடிதம். அம்மா போன மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாயே, அந்தக் கோபம் எனக்கு அப்படியே இருக்கிறது. அதைத் தனியாக வைத்திருக்கிறேன். இது வேறு விஷயம்.

பதினொன்றாம் வகுப்புக்கு, நம் ஊர் ஆற்றங்கரையில் முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு, அப்போது ஆட்சியில் இருந்த தலைவர் பேசிய பேச்சைத்தான் இந்தப் பருவத்தில் எடுத்திருக்கிறேன். நீ அரசின் உரைப் பதிவுப் பிரிவில் சேர்ந்த புதிதில் சுருக்கெழுத்தில் எடுத்த அதே பேச்சு. அம்மா தெருத் தெருவாகப் போய் "என் மகன் எழுதினதுதான் புத்தகமா வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, அதுதான்.

எப்படி நடத்துகிறேன் என்று உனக்குத் தெரியாது. முதல் நாள் நான் எதையும் விளக்க மாட்டேன். ஆளுக்கு ஒரு நகல், ஒரு பென்சில். "நாம்" என்று வருமிடமெல்லாம் வட்டம் போடச் சொல்வேன். அந்த "நாம்" என்பதற்குள் யார் இருக்கிறார்கள், யாரை வெளியே நிற்க வைத்திருக்கிறார் என்று கேட்பேன். பிறகு யார் சொன்னது, யாரிடம், எப்போது, எதற்காக. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: தாளில் இருப்பதை வைத்துப் பேசு, வீட்டில் கேட்டதை வைத்துப் பேசாதே. இருபத்தாறு வருடமாக இந்த விதியைச் சொல்லித்தான் சோறு தின்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் பிள்ளைகள் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரையிலிருந்து தூக்கிக்கொண்டுபோய்த் தகரக் கொட்டகையில் போட்டார்களே, அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். தாய் தகப்பன் இல்லை, அத்தை வளர்க்கிறாள். அவள் எழுதிய கட்டுரை இப்படிப் போகிறது: இந்தப் பேச்சில் தலைவர் எங்கெல்லாம் மக்களிடம் ஒன்றைக் கேட்கிறாரோ, அடுத்த வரியிலேயே பதிலுக்கு ஒன்றைத் தருகிறார். வரி கேட்டால் சாலை தருகிறார், உழைப்பைக் கேட்டால் பள்ளிக்கூடம் தருகிறார். "நீங்கள் இந்தக் கரையை விட வேண்டும்" என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் தராமல் தாண்டிப் போகிறார். அடைப்புக்குறிக்குள் "நீண்ட கைதட்டல்", உடனே அந்தக் கரையில் வரப்போகும் துறைமுகத்தின் கதை. ஆகவே இங்கே ஏதோ விழுந்துபோயிருக்கிறது. விழுந்தது ஒரு வாக்குறுதி என்று என் அத்தை சொல்கிறார்.

"என் அத்தை சொல்கிறார்" என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, இருபதுக்கு நான்கு கொடுத்தேன். அவள் அழவில்லை. என்னைக் கேட்டாள், "கைதட்டல்னு எழுதினது யாரு டீச்சர்? தலைவர் அதை வாயால சொல்லியிருக்க மாட்டாரே."

இருபத்தாறு வருடத்தில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. எழுதியவன் என் தம்பி என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பெருமையாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன், ஏனோ சொல்லவில்லை. நீ இரண்டு வரி எழுதிப் போடு. கைதட்டல் இருந்தது, நடுவில் வேறு எதுவும் இல்லை என்று. வகுப்பில் படித்துக் காட்டிவிட்டு மேலே போகிறேன்.

உன் அக்கா

ஜூன் 25

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

நீ கேட்ட பகுதி உரைத் தொகுதி பதினான்கு, பக்கம் 212. அச்சில் உள்ளபடி எடுத்துக்கொள்ளலாம். கைதட்டல் இருந்தது. நன்றாகவே இருந்தது.

மதிப்பெண் உன் பொறுப்பு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாணவர்களுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் கடினம். தொகுதி ஒன்பதில் கல்வி பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. நல்ல பேச்சு, தெளிவான பதிவு. வேண்டுமானால் நகல் அனுப்பி வைக்கிறேன். முப்பத்தெட்டுப் பக்கம்.

பன்னிரண்டு வருடமாகப் பிரிவின் பொறுப்பு என்னிடம். அடுத்த மார்ச்சில் விருப்ப ஓய்வு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூலை 3

தம்பி,

உன் கடிதத்தை என் பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை மணியில் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். நான் இரண்டு கேள்வி கேட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. "நடுவில் வேறு எதுவும் இல்லை" என்று எழுது என்றேன், அதைப் பற்றி மூச்சே விடவில்லை நீ. பதிலுக்கு நான் கேட்காத முப்பத்தெட்டுப் பக்கத்தைத் தருகிறேன் என்கிறாய். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்.

இதோடு விட்டிருப்பேன். நேற்று அந்தப் பெண்ணின் அத்தை பள்ளிக்கு வந்தாள். துணி தைக்கிறவள், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். விரலெல்லாம் ஊசித் தழும்பு. மதிப்பெண்ணுக்குச் சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவள் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நோட்டீஸை மேசையில் வைத்தாள். டிசம்பர் முடிவதற்குள் கொட்டகைகளைக் காலி செய்ய வேண்டும். மாற்று வீடு கிடையாது. ஏனென்றால் தருவதாக யாரும் எப்போதும் சொன்னதாகப் பதிவு இல்லை.

தலைவர் அன்று சொன்னதை எனக்கு ஒப்பித்துக் காட்டினாள். "புது வீட்டுச் சாவி உங்கள் கையில் வராமல், பழைய வீட்டுச் சுவரை ஒருவனும் தொட முடியாது. இது என் வாக்கு." கொட்டகையில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்குக்கூட இது தெரியுமாம். அந்த வார்த்தையை நம்பித்தான் அன்று கை தட்டினார்களாம். இரண்டு மாதத்தில் சுவரை இடித்தார்கள்.

பிறகு நான்கு காகிதத்தை எடுத்துப் பரப்பினாள். பன்னிரண்டு வருடத்தில் நான்கு மனு, நான்கு பதில். நான்கிலும் ஒரே வரி: "தாங்கள் குறிப்பிடும் வாக்கியம் எதுவும் பதிவில் இல்லை." நான்கிலும் கீழே உன் கையெழுத்து. சின்ன வயதில் நான்தானே உனக்குக் கைபிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வால் சுழிப்பு எனக்குத் தெரியாதா?

நீ என் தம்பி என்று அவளுக்குத் தெரியாது. "டீச்சர், படிச்சவங்க நீங்க, இதுல வேற ஏதாவது அர்த்தம் இருக்கா பாருங்க" என்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்றேன்.

தம்பி, என்ன நடந்தது? சுற்றி வளைக்காமல் சொல். நீ எது சொன்னாலும் நான் உன் அக்காதான். சொல்லாவிட்டால் என்னவாக இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா

ஜூலை 20

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் எடுக்கிறவன் நான், ஒரு பக்கம் எழுதப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் வேலை பத்து நிமிட வேலை. ஒரு பேச்சுக்கு இரண்டு பேர் போவோம். ஒருவர் பத்து நிமிடம் எழுதுவார், கடிகாரத்தைப் பார்த்துப் பென்சிலை வைப்பார், அதே நொடியில் மற்றவர் தொடங்க வேண்டும். பிறகு இரண்டு பேர் தாளையும் ஒட்டவைத்துத் தட்டச்சு செய்வோம். ஒட்டுமிடத்தில் ஓரிரு சொல் விழுந்துவிடுவது உண்டு. விழுந்தால் அடைப்புக்குறிக்குள் "கைதட்டல்" என்று போட்டுவிடுவது பிரிவில் பழக்கம். அதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். பேசியவர் நிச்சயமாக ஆட்சேபிக்க மாட்டார். தொகுதிகளில் நீ பார்க்கிற கைதட்டலில் பாதி நாங்கள் போட்ட ஒட்டு.

அன்று தூறல். ஒலிப்பதிவு வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டு வந்து சேரவே இல்லை. நானும் பிரிவில் என் மூத்தவரும் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். "இந்தக் கரையை விட வேண்டும்" என்று தலைவர் படித்ததும் கூட்டத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்த நேரம் மூத்தவருக்குப் பத்து நிமிடம் முடிந்தது. பென்சிலை வைத்தார். என் முறை.

தலைவர் தாள் இல்லாமல் பேசினார். ஒன்றிரண்டு நிமிடம்தான். நான் எழுதவில்லை. நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா, நீயும் நானும் அந்தக் கரையில்தான் நீந்தப் பழகினோம். என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். வீடு தருகிறேன் என்று அவர் சொன்னதும் நானும் அவர்களோடு தட்டினேன். எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தருவதே, என்ன நடந்தாலும் கை தட்டாதே என்பதுதான். என் பென்சில் மடியில் கிடந்தது.

திரும்பும் வண்டியில் மூத்தவர் "வந்துதா?" என்றார். வந்துடுச்சு என்றேன். தட்டச்சு மேசையில் வெற்றுத் தாளை அவரே பார்த்தார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "நீண்ட கைதட்டல்" என்று தானே அடித்தார். "பொய் இல்லப்பா. தட்டினாங்கல்ல" என்றார். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. தலைவர் அந்தப் பேச்சுக்கு அடுத்த வருடமே காலமாகிவிட்டார்.

பிறகு திருத்தியிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் திருத்தியிருக்கலாம். பொறுப்புக்கு வந்த வருடமே முதல் மனு என் மேசைக்கு வந்தது. பதிவில் இல்லை என்று எழுதினேன். அது உண்மை, இல்லைதானே. ஒருமுறை கையெழுத்துப் போட்டபின் இரண்டாவது முறை போடாமல் இருக்க முடியவில்லை. போடாவிட்டால் முதலில் ஏன் போட்டாய் என்று கேட்பார்கள்.

அம்மா போன மறுநாளே கிளம்பினேன் என்று கோபப்பட்டாயே. அம்மாவைத் தூக்கிப்போகத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் கொட்டகைக்காரர். எல்லாம் முடிந்தபின் வாசலில் வந்து நின்று, "சார், நீங்கதானே அந்த ஆபீசுல இருக்கீங்க. இன்னொரு தடவை திருப்பிப் பாத்துச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினார். அம்மாவைச் சுமந்த தோள் அது. என்னால் அந்த வீட்டில் அதற்குமேல் இருக்க முடியவில்லை.

படித்ததும் கிழித்துவிடு.

தம்பி

ஜூலை 30

தம்பி,

கிழிக்கவில்லை.

முதலில் உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதவே போவதில்லை. மூன்று நாள் வீட்டில் பாத்திரங்கள் உருண்டன, உன் அத்தான் பாவம் தானே காப்பி போட்டுக் குடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நீ ஓர் ஊரையே அடைப்புக்குறிக்குள் மறைத்திருக்கிறாய். அப்புறம் அம்மாவின் வாசலில் நீ நின்ற கோலம் கண்முன் வந்தது, அழுதேன். அதையும் எழுதவில்லை.

நான் செய்ததை எழுதிவிடுகிறேன், பிறகு திட்டிக்கொள். உன் கடிதத்தில் கைதட்டல் பற்றிய பகுதியை மட்டும் கையால் படி எடுத்து, பெயர், உறவு எல்லாம் விட்டுவிட்டு, சத்தமாகப் படித்துவிட்டு வகுப்பில் கொடுத்தேன். ஓர் ஊழியர் எழுதியது என்றேன். வழக்கமான கேள்விகள். யார், யாரிடம், எப்போது, எதற்காக.

முதல் பெஞ்சுக்காரி, முப்பத்தொரு வருடம் கழித்து எழுதியது, நினைவு தேய்ந்திருக்கும் என்றாள். இன்னொருத்தி, இவர் மன்னிப்புக் கேட்கிறார், மன்னிப்புக் கேட்கிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்றாள். பின் வரிசையில் ஒருவன், இதைச் சொல்வதால் அவருக்கு நஷ்டம்தான், அதனால் நம்பலாம் என்றான். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க எனக்குக் காது எரிந்தது. உன்னைத் துணி காயப்போடுவதுபோல் கொடியில் மாட்டிவிட்டு நான் கீழே நிற்கிறேன்.

வக்கீலம்மா மட்டும் பேசவில்லை. அவள் துள்ளுவாள் என்று நினைத்திருந்தேன். மணி அடித்து எல்லோரும் போனபின் வந்தாள். என்னிடம் கத்தினால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"இது உண்மைதான் டீச்சர், எனக்குத் தெரியுது. ஆனா உங்க கையெழுத்துல இருக்கு. இதை எங்கயும் காட்ட முடியாது. அவர் எங்க தப்பா எழுதினாரோ அங்கயே எழுதணும்."

படிக்கும்போது என் குரல் எப்படி இருந்தது என்று அவள் கவனித்திருக்கிறாள். அந்த ஊழியர் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததில்தான் எனக்குப் புரிந்தது, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அந்த அத்தையிடம் போனால் நீ ஒழிந்தாய். போகாமல் நாளைக்கு வகுப்புக்குப் போனால் நான் ஒழிந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

கிழிக்கச் சொன்னதை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறாய். பதினாறு வயதுப் பிள்ளைகள் என் வாழ்க்கைக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் உன்மேல் அவ்வளவு கோபமாக இருந்தேன். அப்புறம் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

ஐந்தாவது மனு வந்துவிட்டது. கொட்டகைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள், கைநாட்டும் இருக்கிறது. செப்டம்பர் பத்துக்குள் பதில் போக வேண்டும். பதிலின் வாசகம் எங்களிடம் அச்சடித்தே இருக்கிறது, தேதியும் கையெழுத்தும் மட்டும்தான் போட வேண்டும். மேலதிகாரி நேற்றுக் கேட்டார், "வழக்கமானதைப் போட்டு அனுப்புங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு?" ஒன்றுமில்லை சார் என்றேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். ஆனால் இப்போது பயம் மட்டும் இல்லை. முந்தாநாள் அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போனபின் தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு, அன்று விட்டதை எழுதப் பார்த்தேன். "புது வீட்டுச் சாவி" என்று கை தானாகப் போயிற்று. நிறுத்திவிட்டேன். இது தலைவர் சொல்லி நான் கேட்டதா, நான்கு மனுவில் படித்ததா? எனக்குத் தெரியவில்லை. வீடு தருகிறேன் என்றார், அதற்குச் சத்தியம் செய்வேன். சாவி என்றாரா, சுவர் என்றாரா, வாக்கு என்றாரா, சத்தியமாகத் தெரியாது. அந்த வாக்கியத்தை இல்லை, இல்லை என்று எழுதி எழுதியே எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. என் சொந்த நினைவு எங்கே போயிற்று என்று தேடுகிறேன்.

அதைப் பதிவில் சேர்த்தால், கேட்காததைக் கேட்டதாக எழுதிய பொய் ஆகும். சேர்க்காமல் கையெழுத்துப் போட்டால் பழைய பொய். இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது வழி இருந்தால் சொல். நீ ஆசிரியர்.

தம்பி

ஆகஸ்ட் 21

அன்புத் தம்பிக்கு,

இந்த முறை உபதேசம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைத் திருத்தப் போனேன். அவள் கட்டுரைக்குப் பதினெட்டு கொடுக்க வேண்டும் தம்பி, நான் படித்ததிலேயே அதுதான் கெட்டிக்காரக் கட்டுரை. தேர்வு வாரியத்துக்கு அனுப்பிய மதிப்பெண்ணை மாற்ற ஒரு படிவம் உண்டு. அதில் "காரணம்" என்று ஒரு கட்டம். "ஆசிரியர் தவறாக மதிப்பிட்டார்" என்று எழுதினேன். தலைமையாசிரியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்படி எழுதினா உங்க இருபத்தாறு வருஷ விடைத்தாளையும் எடுத்துப் பாப்பாங்க. எல்லாரும் கூட்டல் பிழைன்னுதான் போடுவாங்க. போடுங்க டீச்சர், யாரு கேக்கப் போறா" என்றார். வேறு படிவம் தந்தார்.

கூட்டல் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. படிக்கட்டு இறங்கும்போதுதான் உறைத்தது. அதற்குள் உறை ஒட்டியாகிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது.

அவளுக்குப் பதினெட்டு கிடைத்துவிடும். ஆனால் அவள் சரியாகச் சொன்னாள், நான் தப்பாகப் படித்தேன் என்று எங்கும் இருக்காது. டீச்சருக்குக் கூட்டத் தெரியாது என்றுதான் இருக்கும்.

அதனால் உன்னிடம் இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், அக்காவாகவோ டீச்சராகவோ இல்லை. அவர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. சரி. உனக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்ன? என் பிள்ளைகள் தாளில் மாட்டிக்கொண்டு விழிக்கும்போது அதைத்தான் கேட்பேன்.

அக்கா

செப்டம்பர் 15

அக்கா,

உன் கேள்வியை ஒரு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை எழுதிவிட்டேன்.

அச்சுப் பிழை இருந்தால் தொகுதியில் திருத்தச் சீட்டு ஒட்டும் அதிகாரம் பொறுப்பாளருக்கு உண்டு. எழுத்துப் பிழைக்கும் தேதிப் பிழைக்கும் ஒட்டுவோம். எட்டாம் தேதி நானே தட்டச்சு செய்து, அலுவலகத்தில் இருக்கும் மூன்று பிரதியிலும் நானே பசை தடவி ஒட்டினேன். வெளி நூலகங்களுக்குத் தபாலில் போயிற்று. வாசகம் இது:

"தொகுதி 14, பக்கம் 212. 'நீண்ட கைதட்டல்' என்பதை நீக்கிப் பின்வருமாறு படிக்கவும்: இந்த இடத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் பேச்சாளர் தாள் இல்லாமல் பேசினார். மக்கள் கை தட்டினார்கள். குறிப்பெடுக்க வேண்டியவர் எழுதவில்லை."

மனுவுக்கு அச்சடித்த பதிலை அனுப்பவில்லை. "தாங்கள் குறிப்பிடும் வாக்கியம் பதிவில் இல்லை. அது சொல்லப்படவில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அந்த இடத்தில் பதிவே இல்லை. அதற்குக் காரணம் கீழே கையெழுத்திட்டவர். இதற்கு முன் அனுப்பிய நான்கு பதில்களிலும் இதைச் சொல்லாமல் மறைத்தவரும் அவரே." கையெழுத்துப் போட்டேன். வால் சுழிப்பு வரவில்லை.

பத்தாம் தேதியே பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கும்வரை வேலைக்கு வர வேண்டாம். அலுவலகக் குடியிருப்பையும் விட வேண்டும். மேலதிகாரி கோபப்படக்கூட இல்லை. "நல்லா இருந்த ஆளு, ஏன் இப்படி" என்று என்னிடமே கேட்டார். சீட்டைச் சரிபார்க்க ஒரு குழு போடுகிறார்களாம். குழு வேண்டாம் என்றால் சீட்டை உரித்துவிடுவார்கள். பசை கொஞ்சம் தாராளமாகத்தான் தடவியிருக்கிறேன்.

லேசாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். நான் வாய் திறந்தது அவர்களுக்கு ஒரு வீட்டைத் தந்துவிடாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் சொல், அவள் சொன்ன இடத்திலேயே எழுதிவிட்டேன் என்று.

தம்பி

அக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

அம்மா இருந்த அறையைக் கழுவி விட்டிருக்கிறேன். உன் அத்தான் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டுவிட்டு, நீ எப்போது வருகிறாய் என்று தினமும் கேட்கிறார். வந்து சேர். வாசலில் யார் வந்து நின்றாலும் நானும் உன் பக்கத்தில் நிற்கிறேன். ஆறு வருடமாகத் தனியாக வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், காணவில்லை.

உன் சீட்டு எங்கள் பள்ளி நூலகத்துக்கும் வந்தது. முப்பத்துநான்கு நகல் எடுத்து, பிள்ளைகளிடம் கொடுத்துப் பேச்சின் நகலில் ஒட்டச் சொன்னேன். ஒட்டிவிட்டுப் பேச்சை முதலிலிருந்து சத்தமாகப் படித்தோம். அந்த இடம் வந்ததும் படித்துக்கொண்டிருந்தவள் தானாக நிறுத்தினாள். யாரும் அவளை மேலே படி என்று சொல்லவில்லை. இரண்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறாயே, அது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எத்தனையோ சொல்லலாம் அதற்குள்.

பிறகு நான் எழுந்து, அதை எழுதியவர் என் தம்பி என்று சொன்னேன். நான் கொடுத்த நான்கு மதிப்பெண் கூட்டல் பிழை இல்லை, என் பிழை என்றும் சொன்னேன். படிவத்தில் எழுத முடியாததை வகுப்பில் சொன்னேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வக்கீலம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

அன்று பள்ளி விட்டதும் அவளோடு கொட்டகைக்குப் போனேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் உள்ளே போனதில்லை. ஆறடிக்கு ஒரு குடும்பம், நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம். தகரம் அடுப்பு மாதிரி காய்கிறது. அத்தை தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு எனக்கு உட்கார இடம் ஒதுக்கினாள். உன் பதில் அவர்களுக்கும் வந்திருந்தது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்களாம். என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நான் யாருடைய அக்கா என்பதையும் சொன்னேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் மட்டும்தான் போனார்.

அத்தை ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தாள். பிறகு சொன்னாள், "முப்பத்தொரு வருஷமா நாங்க பொய் சொல்றோம்னு இருந்துச்சு. இப்ப, அவங்க எழுதிக்கலைன்னு இருக்கு. சரி டீச்சர். உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, சரின்னு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கிளம்பலாம் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். டிசம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்று சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வீடு எப்பன்னு அதுல எழுதியிருக்கா?"

எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். பிறகு, இல்லை என்றேன்.

உன் அக்கா